வெந்நீர் வாய்க்காலின் முதல் கூனி

கூனி சூட்டில் கவிழும்போது சத்தம் எதுவும் வராது.

கண்ணாடிக் குடுவைக்குள் தண்ணீர் மெல்ல மெல்லச் சூடேறும். முதலில் அதற்குக் கவலை இல்லை. மீசையை ஆட்டிக்கொண்டு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைத் தடவிக்கொண்டிருக்கும். பிறகு மேலும் கீழுமாக நீந்தும், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் வீட்டுக்குள் நடப்பதுபோல. பிறகு வாலைச் சுண்டிப் பின்னால் பாயும். சாயும், நிமிரும். சாயும், நிமிரும். ஏதோ ஒரு சாய்வுக்குப் பிறகு நிமிராது. அந்த இடத்தில் என் மனைவி "ம்" என்பாள். நான் தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். அவள் சின்ன வலைக்கரண்டியால் அதை அள்ளி, பக்கத்துப் பாத்திரத்தின் குளிர்ந்த தண்ணீரில் விடுவாள். கொஞ்ச நேரம் வெள்ளை நூல்போல் கிடக்கும். பிறகு ஒரு கால் அசையும். பெரும்பாலும் எல்லாம் பிழைத்துக்கொண்டன.

எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு வருடங்கள் இப்படிப் போயின. கல்லூரி ஆய்வகத்தைச் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். கூனிக்கு அந்த நேரக்கணக்கு ஒத்துவரவில்லை. அடுப்பு மேடையில் ஒரு பக்கம் குழம்பு, ஒரு பக்கம் குடுவை. இரண்டுக்கும் ஒரே கரண்டி கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

விரல்நகம் அளவே இருக்கும் நன்னீர் இறாலை எங்கள் பக்கத்தில் கூனி என்பார்கள். கண்ணாடி மாதிரி உடம்பு. தின்றது வெளியே தெரியும். முட்டை சுமந்தால் அதுவும் தெரியும். ஒளித்துவைக்க எதுவுமில்லாத ஜீவன். பக்கத்து ஊரான அகரத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஓர் அரிசி ஆலை இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கிற ஆலை. ஊறவைத்த தண்ணீரைக் குழாய் வழியாகப் பக்கத்து வாய்க்காலில் விடுவார்கள். வெளிறிய தேநீர் நிறத்தில், புளித்த கஞ்சி வாடையோடு, ஆவி பறக்க விழும். அந்த வாய்க்காலிலும் கூனி இருந்தது. சூட்டிலேயே பிறந்து வளர்கிற கூனி, குளத்துக் கூனியைவிட அதிகச் சூடு தாங்குமா? தாங்கும் என்றால் எவ்வளவு? இதுதான் என் மனைவியின் ஆராய்ச்சி. கேட்க எளிது.

அவள் திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. அது வருகிற ஆனியில் முடிகிறது, மறுபடி கிடைக்காது. பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டில் வைத்துக்கொள்வதாக இல்லை என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. காபி குடித்துக்கொண்டே சொன்னார்களாம்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரக்கணக்கில் வராது. வந்த தண்ணீரைத் தொட்டிகளில் பிடித்துவைப்போம். அந்தத் தொட்டிகளில் பாதி கூனிக்குப் போனது. எதிர்வீட்டில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய், மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"சார், உங்க வீட்ல எறா ரெண்டு வேளை குளிக்குது, நீங்க ஒரு வேளைதானாமே?"

"வாடகை அதுதான் குடுக்குது பாய்."

"அரைக் கிலோ சேரட்டும். தம் போட்டுருவோம்."

அரைக் கிலோ சேர வேண்டுமென்றால் எத்தனை ஆயிரம் கூனி வேண்டும் என்று என் மனைவி ஒருநாள் நிஜமாகவே யோசித்தாள். எனக்கு அது பயமாக இருந்தது.

முதல் வருடம் நாங்களே பிடித்தோம். விடிந்ததும் ஸ்கூட்டரில் போவோம். ஆலைக் குழாய் வாய்க்காலில் விழும் இடத்தை வாய் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். வாயிலிருந்து சில எட்டு தள்ளி, கரையோரத்துப் புல்லடியில் வலையை விட்டால் கூனி வரும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் அந்த வாய்க்காலுக்குள் நிற்பது சொகுசு. ஊர்க்காரர்கள் சிலர் கால்வலிக்காக வந்து காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கேதான் அந்த அக்கா பழக்கமானார். வாய்க்கால் கரையில் அவருடைய செண்டுமல்லித் தோட்டம். பூப் பறித்துக்கொண்டிருந்தவர், முதல் நாள் நாங்கள் குனிந்து நின்றதைப் பார்த்துவிட்டு வரப்பில் இறங்கி வந்தார்.

"என்னத்தத் தொலைச்சீக?"

"தொலைக்கலக்கா. கூனி பிடிக்கிறோம்" என்றாள் என் மனைவி.

"கொழம்புக்கா?"

"ஆராய்ச்சிக்கு."

"ஆராஞ்சிட்டு?"

"திரும்பக் கொண்டாந்து விட்டுருவோம்."

அக்கா என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீங்க இதையெல்லாம் கேக்க மாட்டீகளா?"

அவருடைய கொழுந்தன் அந்த ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். சுற்றுச்சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மதினி, அவுக படிச்சவுக. ஏதாவது சொல்லி வெரட்டிறாதீக" என்றார்.

"நான் எதுக்கு வெரட்டுறேன்? உன் வெந்நிதான் எல்லாரையும் கூட்டியாந்து விடுது."

மறு வருடம் கல்லூரியில் காலை வகுப்புகளை என் மனைவியின் தலையில் கட்டினார்கள். விடியற்காலை அகரத்துக்குப் போய்த் திரும்ப முடியவில்லை. அக்காவே வழி சொன்னார். "வாளிய வெச்சிட்டுப் போங்க டீச்சர். பூப் பறிக்க எப்படியும் வாரேன். செத்த நேரம் அரிச்சு வெச்சா ஆச்சு." காசு பற்றி என் மனைவி வாயெடுத்ததும், "அந்தப் பேச்சு பேசுனா வாளிய எடுத்துட்டுப் போயிருங்க" என்று முடித்துவிட்டார். மூடி போட்ட பெயிண்ட் வாளி அது. வாரத்துக்கு இரண்டு முறை தோட்டத்து மோட்டார் ரூம் கதவோரம் கூனியோடு இருக்கும். நாங்கள் சாயங்காலம் எடுத்துக்கொண்டு, இன்னொரு வாளியை வைத்துவிட்டு வருவோம். வைக்கிற வாளிக்குள் என் மனைவி ஒரு சீப்பு சிறுமலைப் பழமோ, நாலு மாதுளையோ, டவுன் பேக்கரி ரொட்டியோ போட்டு வைப்பாள். காசு வாங்காதவருக்கு வேறு என்ன செய்வது?

முதல் வருடத்துக் கணக்கு தெளிவாக இருந்தது. வாய்க்கால் கூனி குளத்துக் கூனியைவிடத் தாமதமாகக் கவிழ்ந்தது. வேறுபாடு சிறியது, ஆனால் ஒவ்வொரு முறையும் இருந்தது. இரண்டாம் வருடம் அந்த வேறுபாடு கரையத் தொடங்கியது. அக்கா வாளியின் கூனிகளில் சில தாக்குப்பிடித்தன, சில குளத்துக் கூனி கவிழும் இடத்திலேயே கவிழ்ந்தன. தை முடிந்து அறுவடை நெல் ஆலைக்கு வந்து குவிந்த பிறகு, எல்லாமே குளத்துக் கூனியைப் போலவே கவிழ்ந்தன.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சோ?" என்றேன்.

புதிது வாங்கினாள். அதுவும் அதையே சொன்னது.

பல நாட்கள் அவள் அதைச் சுமந்துகொண்டு அலைந்தாள். பிறகு ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, கரண்டி அந்தரத்தில் நிற்க, விளக்கம் கிடைத்துவிட்டது என்றாள். ஆலை ஒரே சீராகத் தண்ணீர் விடுவதில்லை. விட்டுவிட்டு விடுகிறது. எந்தச் சூட்டுக்குத் தயாராவது என்று உடம்புக்குத் தெரியவில்லை. பழகுவதற்கும் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை மீண்டும் மீண்டும் செலவழித்து, ஒரு கட்டத்தில் பழக்கத்தையே கைவிட்டுவிடுகிறது. பழகியதை மறக்கும் கூனி. தோசை கருகியது.

அதை ஓர் அத்தியாயமாக எழுதினாள். ஆராய்ச்சியின் தலையாய அத்தியாயம். அவளுடைய ஆய்வு நெறியாளருக்கு அனுப்பியதும் அவர் மதுரையிலிருந்து போன் செய்து, இத்தனை வருடத்தில் தன் மாணவர் யாரும் இப்படி ஒன்று எழுதியதில்லை என்றார். ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கவைத்தாள். நானும் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியை நான் எழுதியிருக்கக் கூடாதா என்றிருந்தது. நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதி, என் வழக்கப்படி கிழித்தும் போட்டேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தத்தில் ஒரு கல்யாணம். போகிற அவசரத்தில், சாயங்காலம் எடுக்க வேண்டிய வாளியைக் காலையிலேயே எடுத்துவிடலாம் என்று பட்டுப்புடவையும் வேட்டியுமாக அகரத்துக்கு வண்டியை விட்டோம். மோட்டார் ரூம் வாசலில் வாளி இல்லை. வாய்க்காலிலும் யாரும் இல்லை. கூப்பிட்டோம். குரல் தரைக்குள்ளிருந்து வந்தது.

"இங்கிட்டு இருக்கேன். கெணத்துல."

தோட்டக் கிணறு. எட்டிப் பார்த்தோம். படி இறங்கி, தண்ணீரைத் தொடும் கடைசிக் கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தார். கொசுவலைத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பாசிக்கு அடியில் விட்டுத் தூக்கினார். துணியின் குழிவில் கூனிகள் துள்ளின. பக்கத்துக் கல்லில் எங்கள் வாளி.

"என்ன டீச்சர், சேலையெல்லாம் பளபளன்னு? கூனிக்குக் கல்யாணமா?"

என் மனைவி சிரிக்கவில்லை. கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, இது எங்களுக்கா?"

"பெறகு? ஆருக்கு?"

"வாய்க்கால்லதானே பிடிப்பீங்க?"

"வாய்க்கால்ல எங்க இருக்கு?" துணியை வாளியில் உதறினார். "அங்கன ஒத்தக் கூனி கெடையாது."

"எப்ப இருந்து?"

"புது பாய்லர் மாட்டுனதுல இருந்தே கொறஞ்சு போச்சு. கொஞ்ச நாளு அங்கிட்டுக் கொஞ்சம், இங்கிட்டுக் கொஞ்சமா அரிச்சேன். பொங்கலுக்குப் பெறகு அம்புட்டும் இங்கனதான்."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி மேலே வந்தார். மூச்சு வாங்கியது. நான் குனிந்து வாளியை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க வாளி நெறையப் பழத்தப் போட்டு வெச்சுட்டுப் போறீக. அதுல நான் ஒன்னும் போடாம வெறும் வாளியா எப்படித் திருப்பிக் குடுக்குறது? எங்க வீட்டுல அப்படிப் பழக்கமில்ல தாயி. நீங்க கேட்டதும் கூனி. இதுவும் கூனி. கெணத்துக் கூனி இன்னும் தெளிவால்ல இருக்கு, பாருங்க."

தெளிவாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணத்தைக் கழுவி வெறுமனே அனுப்ப மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது, முருங்கைக்கீரையாவது, ஒன்றுமில்லையென்றால் நாலு பூவாவது போட்டுத்தான் கொடுப்போம். என் மனைவியும் அப்படி வளர்ந்தவள்தான். அதனால்தான் பழம் வைத்தாள். பழம் வைத்ததால்தான் கூனி வந்தது. காசு கொடுத்திருந்தால், கூனி இல்லை என்ற சேதி ஒரே வாரத்தில் வந்திருக்கும்.

வாளியின் தண்ணீர் எப்போதும் குளிர்ச்சியாக இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. காலையில் பிடித்தது சாயங்காலத்துக்குள் ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள். "கல்யாணத்துக்கு நேரமாச்சு, வாரோம்." வாளியை வாங்கிக்கொள்ளவும் செய்தாள். வாங்காமல் போனால் அக்காவுக்கு முகம் விழுந்துவிடும். நத்தத்துக் கல்யாண மண்டபத்தில், பந்தி முடியும்வரை, அந்த வாளி ஸ்கூட்டரின் காலடியில் புளியமர நிழலில் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து அவள் குடுவையை எடுக்கவில்லை. எதிர்வீட்டு பாய் மாடியில் நின்று, "அரைக் கிலோ சேந்துருச்சா?" என்றார். "பாதி வீணாப்போச்சு பாய்" என்றாள் என் மனைவி, துணியைக் காயப்போட்டுக்கொண்டே. அவருக்கு அது விளையாட்டாகவே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் நெறியாளரோடு பேசினாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் குரலும் கேட்டது.

"எடத்தோட பேரை மட்டும் மாத்திருங்கம்மா. கிணத்துக் கூனின்னு போட்டுட்டாப் போச்சு."

"கொஞ்ச நாள் ரெண்டும் கலந்திருக்கு சார். எந்த வாளி எதுன்னு அவுங்களுக்கே ஞாபகமில்ல."

"யாரும்மா வந்து வாளியப் பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே சார்."

பிறகு அவர், அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மீதி நிற்காது, நிற்காததில் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற குரலில்தான் சொன்னார்.

போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அந்த அத்தியாயம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றேன்.

"எனக்கும்தான்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு நாள் கழித்து அந்தத் தாள்கள் பழைய பேப்பர் கட்டில் இருந்தன. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் சிலவற்றை நான் எடுத்துவைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாளி இல்லாமல் அகரத்துக்குப் போனோம். வலை, தெர்மாமீட்டர், தண்ணீர்ப் பாட்டில். நேராக வாய்க்குப் போய்த் தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் விட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் சமையலறையில், முதல் வருடத்தில், மிக நீண்ட நேரம் தாக்குப்பிடித்த கூனி கவிழ்ந்த இடத்தையும் தாண்டிக் கோடு நின்றது. காலை விடமுடியவில்லை. கால்வலிக்காரர்கள் யாரும் அங்கே இல்லை.

பாய்லர் பார்க்கிற கொழுந்தன் சுவருக்கு மேலே தலை நீட்டினார். "டீச்சர், பாத்து. முன்ன தொட்டியில கெடந்து ஆறி வரும். இப்ப லோடு கூட. ஆறவைக்க ஏது நேரம்? நேரா தொறந்துர்றோம்."

"இங்க கூனி இருந்துச்சே."

"அது வெந்துருக்கும். இல்லாட்டி ஓடிருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "எனக்கென்னமோ ஓடிருக்கும்னுதான் தோணுது."

என் மனைவி வாய்க்காலின் போக்கைப் பார்த்தாள். தேநீர் நிறத் தண்ணீர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் போனால் ஆறும்?

"எது வரைக்கும் ஓடியிருக்கும்?" என்றாள். என்னிடம் கேட்டாளா, தண்ணீரிடம் கேட்டாளா தெரியவில்லை.

கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். சில எட்டுக்கு ஒருமுறை வலையை விடுவாள். வலையில் சேறு, அழுகிய உமி, புழு. கூனி இல்லை. நான் பின்னால் தெர்மாமீட்டரோடு. செண்டுமல்லித் தோட்டத்திலிருந்து அக்கா பார்த்துவிட்டுக் கொசுவலைத் துணியோடு வந்து சேர்ந்துகொண்டார்.

"கெணத்துல கெடக்குறத விட்டுட்டு இதென்ன வேல டீச்சர்?"

"இல்லாத எடத்தப் பார்க்க வந்தேன்க்கா."

"இல்லாததப் பாத்து என்ன செய்ய?"

"இருக்கிற எடம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும்ல."

அக்காவுக்கு அது சமாதானமாகவில்லை. ஆனாலும் எதிர்க்கரையில் இறங்கித் துணியை விரித்தார். வெயில் ஏறியது. முருங்கைத் தோப்பு கடந்தது. கத்தரிக்காய் வயல் கடந்தது. எனக்கு அலுத்துவிட்டது, ஓரிடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருக்கிற ஆள் நான், இருந்தும் அலுத்துவிட்டது. குளத்து மடையிலிருந்து ஒரு சின்னக் கால்வாய் வந்து சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கருவேல மரத்தடியில், என் மனைவி வலையைத் தூக்கினாள். உமிக்கு நடுவே ஏதோ ஒன்று சுண்டியது.

ஒன்றே ஒன்று.

உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்திக்கொண்டு, "சூட்டப் பாருங்க" என்றாள். நான் தெர்மாமீட்டரை விட்டேன். சமையலறையில் கூனிகள் பதறி மேலும் கீழும் நீந்தத் தொடங்குமே, அந்தச் சூட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது.

"இதுக்கு மேல அதுக்கு ஊரு இல்ல" என்றாள்.

கூனியைத் திரும்ப விட்டாள். கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்து மரக்கிளையில் கட்டினாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த நடைதான். ஆலை முழுமூச்சாக ஓடிய வாரம் முதல் கூனி இன்னும் கீழே கிடைத்தது. கால்வாய் சேரும் இடத்துக்கும் அப்பால். நெல் வரத்து இல்லாமல் ஆலை படுத்திருந்த வாரம் மேலே ஏறி வந்திருந்தது, முருங்கைத் தோப்பு வரைக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு துணி. சமையலறையில் குடுவையில் கண்டுபிடித்ததும், வாய்க்காலில் துணி சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வந்தன. கூனி கவிழும்வரை காத்திருப்பதில்லை. பதறும் இடத்திலேயே கிளம்பிவிடுகிறது.

ஒருநாள் அக்கா போன் செய்தார். "டீச்சர், உங்க கருவேல மரத்துக்கு ஒருத்தி மஞ்சளத் தடவிப் பூ வெச்சுட்டுப் போயிருக்கா."

"ஐயய்யோ. எதுக்குக்கா?"

"துணி கட்டிக் கெடக்குல்ல. நேத்திக்கடன்னு நெனச்சுட்டா போல. நான் ஒன்னும் சொல்லல. அவளுக்கு என்ன கொறையோ."

அந்தத் துணியை மட்டும் பிறகு அவிழ்க்க முடியவில்லை.

வைகாசி பிறந்தது. ஆனிக்கு அதிகம் இல்லை. துணிகளைப் பற்றி ஒரு சிறிய அத்தியாயம் எழுதி நெறியாளருக்கு அனுப்பினாள். பதில் இல்லை. கல்லூரியில் அடுத்த ஆண்டுக்கான பாட ஒதுக்கீட்டில் அவள் பெயருக்கு நேரே எதுவும் எழுதப்படவில்லை. வீட்டில் அவள் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். குளிக்கத் தாராளமாகத் தண்ணீர் இருந்தது. எங்களுக்கு அது பழகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெறியாளரிடமிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன்மா. அந்த வாய்க்கால் எங்க இருக்கு?"

வந்தார். பேண்டை முழங்கால்வரை மடித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். வழுக்கைத் தலைக்கு மேல் செய்தித்தாள். அக்கா என் மனைவியின் காதருகே, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "இவருதான் உங்களுக்குப் பெரிய டீச்சரா? வெயிலு ஆகாது போல" என்றார்.

"ஆகாதும்மா" என்றார் அவர்.

கடைசியாகக் கட்டிய துணியிடம் நின்றார். வலையை வாங்கி அவரே விட்டார். உமி வந்தது. மறுபடியும் விட்டார். உமிதான். என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. அவர் கீழ்நோக்கி நடந்தார். சேற்றில் ஒருமுறை சறுக்கினார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போய் மீண்டும் வலையைத் தூக்கியபோது, இரண்டு கூனி. ஒன்றின் வயிற்றில் பச்சையாக முட்டை.

அவர் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு தெர்மாமீட்டரை என்னிடமிருந்து வாங்கித் தானே தண்ணீரில் விட்டு, தானே படித்தார்.

"போன வாரம் அந்தத் துணிதான?"

"ஆமா சார். ஆலை இந்த வாரம் நிக்காம ஓடுச்சு."

"அதான் தள்ளிப் போயிருக்கு."

"ஆமா சார்."

வலையை அலசினார். அலச ஒன்றுமில்லாத வலையை இன்னொரு முறையும் அலசினார். "அந்த அத்தியாயம் நல்லா இருந்துச்சும்மா."

"நல்லா இருந்துச்சு சார்."

"இது அந்த அளவுக்கு நல்லா இருக்காது."

"இருக்காது சார்."

"இன்னைக்குள்ளதையும் சேர்த்து எழுதிருங்க. புதன்கிழமை மதுரைக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

என் மனைவி தலையாட்டினாள். புடவை முந்தானையில் ஒரு இழை நூலைத் தேடிப் பிடித்து இழுத்து, பக்கத்தில் மரம் எதுவும் இல்லாததால் ஒரு நாணல் தண்டில் கட்டினாள். நெறியாளர் வலையைச் சாய்த்தார். முட்டைக்காரி முதலில் போனாள், பின்னோக்கி, வாலைச் சுண்டிக்கொண்டு. ஆலைப் பக்கத்துக்கா, குளத்துப் பக்கத்துக்கா என்று கலங்கல் தண்ணீரில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நாலு பேரும் குனிந்து நின்று பார்த்தோம். பிறகு அக்கா, எல்லாரும் வாங்க, மோர் இருக்கு என்று கூப்பிட்டார்.